தொழிலுக்கேற்ற உடுப்பு எது? வீடியோ விளையாட்டுப் பெண் பாத்திரங்களைப் பற்றி ஒரு பாடம்

இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அன்பர்கள் சிலருக்கு வியப்பைத் தரலாம். கூட்டு வியாபாரம், கடன், வாரிசுரிமை என்று பழகிய தலைப்புகளை விட்டுவிட்டு, பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகளில் வரும் பெண் பாத்திரங்களின் உடுப்பைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் யாது என்று கேட்கவும் கூடும். அவசியம் உண்டு. நம்மில் பலர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் துணி அளந்து விற்றவர்களின் பிள்ளைகள். வேறு பலர் கைப்பேசிக் கடையும் ஒட்டுக்கடையும் நடத்தி, அவ்விளையாட்டுகளுக்கான டாப்-அப் கார்டுகளை நாள்தோறும் கல்லாவில் வைத்து விற்பவர்கள். துணியை அறிந்தவன், காசை அறிந்தவன், பிள்ளையைப் பெற்றவன் என்ற மூன்று வகையிலும் இது நம் காரியமே.

முதலில் உடுப்பைப் பற்றிய சாதாரண உண்மை ஒன்று. பத்துமலையில் கடை வைத்திருப்போரும், தைப்பூசக் காலத்தில் அங்கே சரக்குக் கொண்டு போவோரும் கண்டு பழகிய காட்சி அது. குகைக் கோவிலுக்கு 272 படிகள். பாற்குடம் சுமந்து ஏறும் பெண்கள் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பிலே சுற்றி இறுக்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். தொடை தெரியும் காற்சட்டையோடு வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கோ படியடியில் இடுப்பிலே சுற்றிக்கொள்ள வாடகைக்குத் துணி கொடுக்கிறார்கள். முன்னது செய்யும் வேலைக்காக ஏற்பட்ட ஒழுங்கு. பின்னது நிற்கும் இடத்துக்காக ஏற்பட்ட ஒழுங்கு. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. நம் பாட்டிமார் காலத்தில் விடியற்காலையில் பால்மரம் சீவப் போன பெண்கள் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டிப் போனதும் இவ்வாறுதான். கொசுவுக்கும் பனிக்கும் வழி தெரியும். அதற்கேற்ற உடுப்பு அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

வேலை, இடம் ஆகிய இவ்விரண்டும் அல்லாமல் மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அஃதாவது, பார்ப்பவனுடைய கண். வேலையையும் இடத்தையும் அறவே தள்ளிவிட்டு, பார்ப்பவன் கண்ணுக்காக மட்டுமே வெட்டித் தைத்த உடுப்பைப் பற்றியதே இந்தப் பாடம்.

போர் செய்யும் பெண் என்றால் எப்படி உடுத்துவாள்? கற்பனை செய்ய வேண்டியதில்லை. இந்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1943-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி அதன் தலைவி. அவருக்கு அடுத்த பொறுப்புக்கு உயர்ந்தவர் நம் கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி. பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். அப்படையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பெண்கள். அதுவரை புடவையும் பாவாடையும் தவிர வேறு உடுத்தறியாதவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது காக்கிச் சட்டையும் காற்சட்டையும் தொப்பியும் பூட்சும். துப்பாக்கிப் பயிற்சி பெற்றுப் பர்மா வரைக்கும் போனார்கள். 1945-ல் ரங்கூனிலிருந்து பின்வாங்கிய போது, ஆகாய விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவிலே பல நாள் நடந்து வந்தார்கள். அந்தப் பூட்சைக் கழற்றி விட்டு நாலங்குலக் குதியுள்ள செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பாதையை நடக்கச் சொன்னால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நிற்க. இப்பொழுது திரைக்கு வருவோம்.

நம் பிள்ளைகள் ஆடும் 'மொபைல் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டைப் பெயரளவிலாவது அறியாதவர் இன்று இருக்க முடியாது. 2016-ல் வெளிவந்த அவ்விளையாட்டின் முதலாவது உலகப் போட்டி 2019-ல் நடந்தது கோலாலம்பூரிலேதான்; இறுதியாட்டம் புக்கிட் ஜாலில் ஆசியாட்டா அரங்கில். 2024-ல் ஆறாவது உலகப் போட்டிக்கும் கோலாலம்பூர்தான் களம். எனவே எங்கோ ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடக்கிற விஷயம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. இவ்வகை விளையாட்டுகளில் ஆடுபவன் ஒரு வீரனையோ வீராங்கனையையோ தேர்ந்துகொண்டு சண்டையிடுகிறான். ஆண் வீரன் தலைமுதல் கால்வரை இரும்பு பூண்டு நிற்பான். அவன் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குத் தோளில் ஓர் இரும்பு, முழங்காலில் ஓர் இரும்பு. எது அடிபட்டால் உயிர் போகுமோ அந்த மார்பும் வயிறும் திறந்து கிடக்கும். இந்த ஒரு விளையாட்டை மட்டும் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக இத்தொழில் முழுவதிலும் பரவியிருக்கும் பழக்கம் இது.

சில விளையாட்டுகளில் ஆடுபவன் காசு சேர்த்துக் கவசம் வாங்க வேண்டும். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பலம் உள்ள கவசந்தான். ஆண் பாத்திரத்துக்கு மாட்டினால் முழுச்சட்டையாக வரும். பெண் பாத்திரத்துக்கு மாட்டினால் கச்சையாகச் சுருங்கிவிடும். துணிக்கடைக்காரர் எவரேனும் ஒரே விலைக்கு ஆணுக்கு நாலு கஜமும் பெண்ணுக்கு அரைக் கஜமும் கிழித்துக் கொடுத்தால், அவரை நம் பேட்டையில் என்ன சொல்வோம்?

கவசத்தின் வேலை யாதென்று சற்று விளக்கிவிட்டால் இதன் அபத்தம் தெளிவாகும். முற்கால ஐரோப்பியப் போர்வீரன் அணிந்த முழு இரும்புக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ எடை இருந்தது. அதன் மார்த்தகடு நடுவில் புடைத்து இருபுறமும் சரிந்திருக்கும். வாள் வந்து விழுந்தால் வழுக்கி வெளியே போக வேண்டும் என்பதற்காகவே அந்த வளைவு. விளையாட்டுச் சித்திரக்காரரோ பெண்ணின் கவசத்தில் மார்பின் வடிவத்தை இரண்டு கிண்ணங்களாக அடித்து வைக்கிறார். அப்படிச் செய்தால் வழுக்கி வரும் வாள்முனை வெளியே போகாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கி நேரே நெஞ்செலும்புக்குப் போய்ச் சேரும். உயிரைக் காக்க வேண்டிய இரும்பே எதிரியின் வாளுக்கு வழிகாட்டுகிறது. அவிழ்த்துவிட்ட கூந்தல் எதிரியின் கைக்குப் பிடி. ஆயினும் அழகு வேண்டாமா என்பார்கள். வேண்டும், அந்த அழகு ஏன் ஆண் வீரனுக்கு மட்டும் தேவைப்படவில்லை என்பதே நம் கேள்வி.

இப்பழக்கம் விளையாட்டுகளில் பிறந்ததன்று. சித்திரக் கதைகளிலிருந்து வந்தது. 1973-ல் அமெரிக்கச் சித்திரக் கதையொன்றில் ரெட் சோஞ்சா என்ற வாள்வீராங்கனை அறிமுகமானாள். முதன்முதல் வந்தபோது அவள் உடம்பில் முறையான வளையச் சட்டை இருந்தது. எஸ்டபான் மரோட்டோ என்ற ஸ்பானியச் சித்திரக்காரர் அவளை இரும்பு வளையங்களால் பின்னிய இரண்டு துண்டு நீச்சலுடுப்பில் வரைந்தார், அதுவே நிலைத்துவிட்டது. இரும்பு வளையத்தை வெறுந்தோலில் அணிந்தவர் எவரும் அதை வரைந்திருக்க மாட்டார். உள்ளே பஞ்சடைத்த தடித்த அங்கி இன்றி வளையச் சட்டை போட்டால் தோலை உராய்ந்துவிடும் என்பது அக்காலப் போர்வீரர் யாவரும் அறிந்தது.

1986-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'மெட்ராய்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. முழுக்கவசம் பூண்ட வீரன் ஒருவன் வேற்றுக் கிரகத்தில் போராடுகிறான். முடிவில்தான் அவ்வீரன் ஒரு பெண் என்பது வெளியாகும். நல்ல கற்பனை, பெண்ணால் இத்தனையும் முடியும் என்று சொல்லாமல் சொன்ன கற்பனை. ஆனால் அதற்கு ஒரு வாலும் ஒட்டப்பட்டிருந்தது. ஆட்டத்தை எவ்வளவு விரைவாக முடிக்கிறானோ அவ்வளவுக்கு அவள் உடுப்பு குறைந்து காட்டப்படும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தவனுக்கு நீச்சலுடுப்பு. ஒரே ஆட்டத்தில் பெண்ணை வீராங்கனையாகவும் ஆக்கி, அவளையே வென்றவனுக்கு இனாமாகவும் கொடுத்துவிட்டார்கள்.

பத்து ஆண்டு கழித்து, 1996-ல், இங்கிலாந்தின் டெர்பி நகரிலிருந்து 'டோம்ப் ரைடர்' வந்தது. லாரா கிராஃப்ட் என்ற புதைபொருள் ஆராய்ச்சிப் பெண் குகை குகையாகத் தாவுகிறாள். நம் பத்துமலைச் சுண்ணாம்புக் குகையில் ஒருமுறை முழங்கையை உராய்ந்துகொண்டவருக்குத் தெரியும், குகைக்குள் போகிறவள் முதலில் மூட வேண்டியது முழங்காலை. லாராவுக்கோ குட்டைக் காற்சட்டையும் இறுகிய கையில்லாச் சட்டையும். அவளைப் படைத்தவர் டோபி கார்ட் என்பவர். விளம்பரக்காரர்கள் அவளைக் கவர்ச்சிப் பொம்மையாக்கிய விதம் அவருக்கு ஒப்பவில்லை. 1997-ல் அந்நிறுவனத்தை விட்டே விலகினார். பண்டத்தைச் செய்தவனுக்கே பிடிக்காத லேபிளை விற்பவன் ஒட்டிவிட்டான் என்று இதைச் சொல்லலாம்.

இவை யாவற்றிலும் நமக்கு அதிகப் பாடம் தருவது 2015-ல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' வரிசையின் ஐந்தாவது விளையாட்டு. ஆக்கியவர் புகழ்பெற்ற ஜப்பானியர் ஹிடியோ கோஜிமா. கதை நடக்கும் இடங்களில் ஒன்று 1984-ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தான். அந்தக் கற்பாறை நாட்டில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் 'குவாயட்' என்ற பெண், மார்க்கச்சையோடும் கிழிந்த காலுறையோடும் பாறைமேல் குப்புறப் படுத்துச் சுடுகிறாள். இதென்ன கோலம் என்று விளையாட்டு வெளிவருமுன்பே கேள்வி எழுந்தது. இதற்குத் தக்க காரணம் இருக்கிறது, அறியும்போது கேட்டவர்கள் வெட்கப்படுவார்கள் என்று 2013-ல் கோஜிமா பதில் கூறினார். விளையாட்டு வந்தது. காரணமும் வந்தது: அவள் உடம்பில் ஒட்டுண்ணிகள் குடியேறிவிட்டன, அவள் தோலால் சுவாசிக்கிறாள், தோலால் நீர் அருந்துகிறாள், உடுத்தினால் மூச்சு முட்டும்! கணக்கில் துண்டு விழுந்த பிறகு காரணம் எழுதும் குமாஸ்தாவை நாம் பார்த்ததில்லையா? இதே வரிசையில் 2004-ல் வந்த விளையாட்டில் ஒரு கிழவர் வருகிறார். அவருக்கும் ஒட்டுண்ணியே பலம். சூரிய ஒளியைக் கொண்டே உடலுக்கு ஊட்டம் பெறுபவர். அவருக்கும் மறைந்திருந்து சுடுவதே தொழில். அக்கிழவர் காட்டோடு காடாக மறையும்படி நன்றாகவே உடுத்தியிருந்தார். நோய் ஒன்று, தொழில் ஒன்று. உடுப்பு மட்டும் வேறு.

ஆகவே எவ்வளவு துணி இருக்கிறது என்று முழக்கோல் பிடிப்பதல்ல இந்த விசாரணை. அது யார் கண்ணுக்காக என்பதே கேள்வி. 2012-ல் அமெரிக்காவின் ஹை-ரெஸ் நிறுவனம் 'ஸ்மைட்' என்ற சண்டை விளையாட்டில் காளியைப் பாத்திரமாக்கி அரைகுறை உடையில் காட்டியபோது, அங்குள்ள இந்துப் பிரமுகர் ராஜன் செட் ஆட்சேபித்தார். கத்தோலிக்க, யூதப் பெரியோர் சிலரும் அவருடன் சேர்ந்து குரல் கொடுத்தனர். காளியின் பழஞ்சித்திரங்களிலும் உடை குறைவுதானே என்று வாதித்தவர்களும் உண்டு. அவ்வாதம் பொருந்தாது. நம் அண்டை வீட்டாரின் வழிபாட்டில் அவ்வுருவம் பார்ப்பவனை நடுங்கச் செய்வது. விளையாட்டில் அதே உருவம் பார்ப்பவனை மயக்குவதற்காகத் திருத்தப்பட்டது. துணியின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம்; நோக்கம் நேர்மாறு.

இவ்விடத்தில் நம் சமூகத்தாருக்கு ஒரு வார்த்தை. இத்தலைப்பைக் கண்டவுடன் வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து உபதேசம் செய்யக் கிளம்பும் பெரியவர்கள் உண்டு. திரையில் நிற்கும் அவள் தன் உடுப்பைத் தானே தேர்ந்து உடுத்தவில்லை. அங்கே பெண்ணே இல்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் (அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்) தம்மைப் போன்ற வாங்குவோனை நினைத்து வரைந்த கோடுகளே அவள். சூரத்துன் நூர் 30-ஆம் ஆயத்தில் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆண்களுக்கே கட்டளை வருகிறது. பெண்களுக்கான கட்டளை அதற்கடுத்த 31-ஆம் ஆயத்தில்தான். நம் பிரசங்கங்களில் இரண்டாவது கேட்கும் அளவுக்கு முதலாவது கேட்பதில்லை. வீடியோ விளையாட்டு உடுப்போ முதலாவதைப் பற்றியது. எனவே உபதேசம் தேவையானால் மகனிடமிருந்தும், ஏன், நம்மிடமிருந்துமே தொடங்கலாம்.

'வெறும் பொம்மைச் சித்திரந்தானே, யாருக்கு நஷ்டம்?' என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். திரையில் உள்ளவளுக்கு நஷ்டமில்லைதான். ஆனால் அதே எண்ணம் திரைக்கு வெளியே உயிருள்ள பெண்களிடம் வரும்போது என்ன நடந்தது என்பதைக் கோலாலம்பூர்க்காரர் நன்கு அறிவர். உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் 2005 முதல் நம் நகரில் இருக்கிறது. 2011-ல் அச்சம்மேளனம், பெரிய போட்டிகளில் பெண் ஆட்டக்காரர்கள் பாவாடையோ கவுனோ அணிந்துதான் ஆட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தது. பாவாடையால் பந்து வேகமாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டம் கண்ணுக்குக் கவர்ச்சியாக இருக்கும், பார்ப்போர் கூடுவர் என்பதே காரணம். நீண்ட காற்சட்டை வேண்டுவோர் அதன்மேல் பாவாடையை மாட்டிக்கொள்ளலாமாம்! மே மாதம் அமலுக்கு வரவேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போயிற்று. ஆசிய நாடுகள் பலவற்றில் ஆட்சேபம் எழுந்தது. முஸ்லிம் பெண்கள் மட்டும் அல்ல, இது எங்கள் வசதிக்காகச் செய்ததன்று என்று மற்றவர்களும் கூறினர். 2012 மே மாதம் அவ்விதி அடியோடு கைவிடப்பட்டது. 2021-ல் ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. நார்வே நாட்டுக் கடற்கரைக் கைப்பந்துப் பெண்கள் பிகினிக்குப் பதில் குட்டைக் காற்சட்டை அணிந்து ஆடியதற்காக 1500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டனர். ஆண்களுக்கோ காற்சட்டை அனுமதி. அதே ஆண்டு இறுதிக்குள் விதி மாற்றப்பட்டது. பர்தா போட்ட பெண்ணும் பிகினி வேண்டாமென்ற பெண்ணும் இவ்விஷயத்தில் ஒரே கட்சியில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். என் வேலைக்கு எது வசதி என்று என்னைக் கேள் என்பதே இருவர் கோரிக்கையும்.

இனி வியாபாரப் பக்கம். நாம் நன்கறிந்த பக்கமும் இதுவே.

பெரும்பாலான கைப்பேசி விளையாட்டுகள் இலவசம். பிறகு காசு எங்கிருந்து வருகிறது? உடுப்பிலிருந்து! பாத்திரத்துக்குப் புது உடுப்பு மாட்டுவதை 'ஸ்கின்' என்கிறார்கள். அதை வாங்கினால் பலம் பெரிதாகக் கூடாது, தோற்றந்தான் மாறும். 'ஃபோர்ட்நைட்' என்ற ஒரே விளையாட்டு 2018, 2019 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 900 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டியது நீதிமன்ற ஆவணங்களால் வெளியாயிற்று. அதில் பெரும்பகுதி இத்தகைய அலங்காரச் சரக்கு விற்ற பணம். நூல் ஓர் இழை இல்லை, சாயம் இல்லை, கப்பற்கூலி இல்லை, கிடங்கு வாடகை இல்லை, ஹரி ராயா முடிந்தபின் தேங்கிக் கிடக்கும் பழைய தினுசும் இல்லை. உலகத்திலேயே லாபமான ஜவுளி வியாபாரம் இன்று இதுதான் போலும். நம் கல்லாவில் பத்து வெள்ளி கொடுத்துக் கார்டு வாங்கும் சிறுவன் பல சமயம் வாங்கிப் போவது ஒரு சட்டையையே. எந்தச் சட்டை என்று நாம் கேட்பதில்லை.

அரைகுறை உடுப்பு இல்லாவிட்டால் சரக்கு போகாது என்று தயாரிப்பாளர்கள் நெடுநாள் நம்பினார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2013-ல் லாரா கிராஃப்ட்டைப் புதிதாக வார்த்தார்கள். முழுக் காற்சட்டை, சேறும் காயமும் படிந்த உடம்பு, மனிதப் பெண்ணின் அளவுகள். அவ்வரிசையிலேயே அதிகம் விற்றது அதுதான். 2017-ல் வந்த 'ஹொரைசன்' விளையாட்டின் நாயகி ஏலாய், தோலும் கம்பளியும் போர்த்திய வேட்டைக்காரி. அது 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. 2024-ல் தென்கொரியாவிலிருந்து வந்த 'ஸ்டெல்லர் பிளேட்' உடம்போடு ஒட்டிய உடுப்பைக் காட்டியே பேசப்பட்டது. அதுவும் நன்றாக விற்றது. ஆகவே கவர்ச்சி விற்காது என்று நாம் வாதிக்கவில்லை. அது இல்லாமலும் அமோகமாக விற்கிறது என்பதே நிரூபணமாகியிருக்கிறது. அப்படியிருக்க, 'என்ன செய்வது, வாங்குகிறவன் கேட்கிறான்' என்று பழியை வாங்குபவன் தலையில் போடும் பேச்சு இனிச் செல்லாது. வாங்குபவன் யார் என்பதும் மாறிவிட்டது. அமெரிக்காவில் 2023-ல் எடுத்த கணக்குப்படி, இவ்விளையாட்டுகளை ஆடுவோரில் நூற்றுக்கு 46 பேர் பெண்கள்.

மாற்றம் ஏற்பட்டிருக்கிறதா? ஏற்பட்டிருக்கிறது. 1983 முதல் 2014 வரை வந்த விளையாட்டுகளில் 571 பெண் பாத்திரங்களை இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டனர். 1990-களில் உச்சிக்குப் போன இவ்வழக்கம் அதன்பின் குறைந்து வந்திருப்பதைக் கண்டனர். நாயகிகளைவிட, துணைக்கு வரும் பெண்களே அதிகமாக இவ்வாறு காட்டப்படுகிறார்கள் என்பதும் அவர்கள் கண்டது. பெரிய சாமானைப் பளபளப்பாக்கிவிட்டு மூலையில் உள்ளதை அப்படியே விட்டுவைப்பது எல்லாக் கடையிலும் உள்ளதுதானே.

இம்மாற்றம் தானாக வரவில்லை; பேசியவர்களால் வந்தது. பேசியவர்கள் விலையும் கொடுத்தார்கள். ஈராக்கிலிருந்து குடியேறிய ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்த அனிடா சர்க்கீசியன் என்ற பெண்மணி 2013 முதல் இப்பொருள் பற்றி விளக்கப் படங்கள் வெளியிட்டார். 2014 அக்டோபரில் அவர் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தபோது, பேசினால் கூட்டத்தில் சுடுவோம் என்று மிரட்டல் வந்து, சொற்பொழிவு ரத்தாயிற்று. உடுப்பைப் பற்றிக் கேள்வி கேட்டதற்கு இது!

அரசாங்கம் தடை செய்யட்டும் என்பாருண்டு. 2017 செப்டம்பரில் நம் நாட்டில் ஒரு தடை நடந்தது. அது உடுப்புக்காக அன்று. பல மதத்தார் வணங்குவோரைச் சண்டைக்கு நிறுத்திய 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்ற விளையாட்டுக்காக. அதை விற்ற 'ஸ்டீம்' என்ற பெரிய இணையக் கடை முழுவதையுமே தகவல் தொடர்பு ஆணையம் அடைக்கச் செய்தது. அந்த விளையாட்டு மலேசியாவுக்கு விற்கப்படாது என்று ஆனதும், ஏறக்குறைய ஒரு நாளில் கடை திறந்தது. நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ஒரு புட்டிக்காக மளிகைக் கடை முழுவதையும் பூட்டியது போலாயிற்று.

இதைவிட நம் மனத்துக்குப் பிடித்தது 2016-ல் நடந்த வேறொரு சம்பவம். 'ஓவர்வாட்ச்' என்ற விளையாட்டு அவ்வாண்டு மே மாதம் வெளிவர இருந்தது. அதில் டிரேசர் என்ற பெண், துறுதுறுப்பும் சிரிப்பும் உள்ளவள். வெற்றி பெற்றதும் அவள் பின்புறத்தைக் காட்டித் திரும்பிப் பார்ப்பது போல் ஒரு நிலை அமைத்திருந்தனர். சின்னப் பெண்குழந்தை ஒன்றின் தகப்பனார் நிறுவனத்துக்கு எழுதினார். வசையில்லை, மிரட்டலில்லை. அதே விளையாட்டில் வேறொரு பெண் மயக்கும் குணத்தவளாகவே படைக்கப்பட்டிருக்கிறாள், அவளுக்கு அந்த நிலை பொருந்தும். டிரேசரின் குணத்துக்கு இது சிறிதும் பொருந்தவில்லையே என்பதே அவர் வாதம். சில நாட்களில் நிறுவனம் அதை எடுத்துவிட்டு வேறு நிலை வைத்தது. புதிய நிலையும் பழைய காலண்டர் சித்திரம் ஒன்றின் சாயலில் இருக்கிறதென்று சிலர் சிரித்தார்கள், இருக்கட்டும். இம்முறை அவள் ஆடுபவனை நேராகப் பார்த்துக் குறும்பாகச் சிரித்தாள். பொருத்தம் என்ற ஒரே வார்த்தையைப் பிடித்து அந்தத் தகப்பனார் எழுதிய முறையீடு, ஆயிரம் கண்டனத் தீர்மானம் செய்யாததைச் செய்தது.

பொருத்தமான உடுப்புக்கு நம்மவரிடையேயும் உதாரணம் உண்டு. சிட்னியில் வாழும் அஹெதா ஸனெட்டி என்ற லெபனான் வம்சாவளிப் பெண்மணி, தம் உறவுச் சிறுமி தலைத்துணியும் தடித்த அடுக்குத் துணிகளுமாக வலைப்பந்தாட முடியாமல் தவிப்பதைக் கண்டு, விளையாட்டுக்கு ஏற்ற உடுப்பைத் தைக்கத் தொடங்கினார். 2004-ல் புர்கினி என்ற நீச்சலுடுப்பு அவ்வழியில் பிறந்தது. பின்னர் 2014-ல் கமலா கான் என்ற பாகிஸ்தானிய வம்சாவளி முஸ்லிம் சிறுமி அமெரிக்கச் சித்திரக் கதைக்கு நாயகியானாள். உருமாறும் சக்தி கிடைத்தவுடன், அவள் முதலில் தான் போற்றிய வீராங்கனையைப் போலப் பொன்னிறக் கூந்தலோடும் தொடை தெரியும் பழைய உடுப்போடும் மாறிப் பார்க்கிறாள். அந்த உடுப்பு அவளுக்குச் சிறிதும் வசதியாயில்லை என்பது கதையிலேயே வருகிறது. பிறகு வீட்டிலிருந்த தன் புர்கினியை எடுத்து அதையே வீர உடுப்பாக்கிக்கொள்கிறாள். அக்கதையை எழுதிய வில்லோ வில்சனும் அதன் பதிப்பாசிரியர் சனா அமானத்தும் முஸ்லிம் பெண்கள். 2020-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்' விளையாட்டில் கமலா கான் முக்கியப் பாத்திரம். ஆக்கிய நிறுவனம் எது தெரியுமா? லாரா கிராஃப்ட்டுக்கு 2013-ல் முழுக் காற்சட்டை கொடுத்த அதே கிரிஸ்டல் டைனமிக்ஸ்.

இந்தியாவிலும் புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020-ல் 'ராஜி' என்ற விளையாட்டை வெளியிட்டது. ராஜி, தம்பியைத் தேடிப் போகும் சர்க்கஸ் பெண். கம்பத்தில் ஏறுகிறாள், சுவரில் ஓடுகிறாள், அதற்கு இடங்கொடுக்கும் உடுப்பையே அணிந்திருக்கிறாள்.

பிள்ளைகளுக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்கும் அன்பர்களுக்கு இன்னொன்றையும் குறிப்பிடுகிறோம். 2023-ல் கனடாவின் டொராண்டோவிலிருந்து வந்த 'வெண்பா'. பெயரே தமிழ். 1988-ல் தமிழ்நாட்டிலிருந்து கணவனோடு அங்கே குடியேறிய ஒரு பெண்ணின் கதை. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா பரிசும் பெற்றது. வெண்பா அடுப்படியில் நிற்கும் சாதாரணத் தமிழ்ப் பெண். ஆட்டம் தொடங்கியதும் தாயார் கொடுத்த கிழிந்த சமையற் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு இட்லி அவிக்கிறாள். குழித்தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச் சேரும் என்று கண்டுபிடிப்பதே ஆடுபவனுக்கு முதல் வேலை.